பக்கவாதம் வந்தவருக்கு ஒரு வாய் கொடுப்பதற்கு முன்

உங்கள் அப்பாவோ அம்மாவோ பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார், அல்லது மூக்கில் குழாயோடு இப்போதுதான் வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறீர்கள், வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் "ஒரு வாய் தண்ணிகூடவா கொடுக்கக் கூடாது" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்றால், இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. பாபநாசம் பக்கம் குடமுருட்டிக் கரையில் ஒரு கிராமத்தில் அப்பாவுக்கு மாதக்கணக்கில் கரண்டியால் ஊட்டியவன். ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்ததையும், நாங்கள் தப்புச் செய்து கற்றுக்கொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அந்தத் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா வீடு திரும்பிய நான்காம் நாள். நான் மருந்து வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, தம்பி காபிக்கு ஏங்கிப்போய்க் கிடக்கிறானே என்று அரை டம்ளர் காபியை ஆற்றி வாயில் ஊற்றிவிட்டார். அப்பா இருமவே இல்லை. நான் வந்ததும், "பாருடா, உங்கப்பன் ஒரு சொட்டு கீழ விடாம குடிச்சுட்டான், இவனுக்குப் போய் குழாய் போட்டு வச்சிருக்காங்க" என்று அத்தை கண்ணில் நீரோடு சொன்னார். எனக்கும் சந்தோஷம்தான். அடுத்த நாள் ராத்திரி காய்ச்சல், மேல்மூச்சு கீழ்மூச்சு. நுரையீரலில் சளி கட்டி நிமோனியா. மறுபடி பதினொரு நாள் ஆஸ்பத்திரி.

அரை டம்ளர் காபியும் ஒரு நிமோனியாவும் சும்மா அடுத்தடுத்து நடந்ததாகக்கூட இருக்கலாம். ஆனால் இருமல் வராதது எதற்கும் அத்தாட்சி இல்லை என்று அன்றைக்குத்தான் டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

தொண்டைக்குள் என்ன நடக்கிறது

தொண்டையில் மூச்சுக்குழாய் முன்னால், உணவுக்குழாய் பின்னால். இரண்டுக்கும் வாசல் ஒன்றுதான். நாம் விழுங்கும் ஒவ்வொரு முறையும் குரல்வளை மேலே ஏறுகிறது, அதன் மூடி சாய்கிறது, குரல்நாண்கள் இறுக மூடிக்கொள்கின்றன, ஒரு நொடி மூச்சு நிற்கிறது, அதற்குள் உணவு பின்பக்கமாக இறங்கிவிடுகிறது. இதையெல்லாம் நேரம் தவறாமல் நடத்துவது மூளை. பக்கவாதத்தில் அந்த இடம் அடிபட்டால் நாக்கு உணவைப் பின்னால் தள்ளாது, அல்லது தொண்டை தாமதமாக வேலை செய்யும், அதற்குள் தண்ணீர் முந்திக்கொண்டு மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். அதைத்தான் நாம் புரை ஏறுவது என்கிறோம்.

நமக்குப் புரை ஏறினால் இருமி வெளியே தள்ளிவிடுகிறோம், பக்கத்தில் இருப்பவர் உச்சியில் தட்டி "யாரோ நெனைக்கிறாங்க" என்கிறார், அதோடு முடிந்தது. பக்கவாதம் வந்தவர்கள் பலருக்குத் தொண்டையின் உணர்ச்சியே மழுங்கியிருக்கும். தண்ணீர் தப்பான வழியில் இறங்குவது அவர்களுக்கே தெரியாது, இருமலும் வராது. சத்தமில்லாமல் ஏறும் இந்தப் புரைதான் மிக ஆபத்தானது, ஏனென்றால் பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும்.

பக்கவாதம் வந்த புதிதில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு விழுங்குவதில் ஏதாவது ஒரு சிரமம் இருக்கும். பயந்துவிடாதீர்கள், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே நன்றாகக் குறைந்துவிடுகிறது. விழுங்கும் வேலையை மூளையின் இரண்டு பக்கமும் பார்க்கின்றன, அடிபடாத பக்கம் மெல்ல மெல்லப் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. அதுவரை நுரையீரலைக் காப்பாற்றிக் கொடுப்பதுதான் நம் வேலை.

முதல் படி: சோதனை முடியும்வரை வாய்வழியாக எதுவும் வேண்டாம்

வாய் கோணி, கை கால் விழுந்து ஒருவர் சாய்ந்துவிட்டால் நம் ஊரில் கை முதலில் தேடுவது சொம்புத் தண்ணீரைத்தான். அப்புறம் சோடா, சர்க்கரைத் தண்ணீர், யாரோ சொன்ன மாத்திரை. எதுவுமே வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் அவகாசம் என்பதால் எப்போது ஆரம்பித்தது என்ற நேரத்தை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் வாய்விட்டுக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "விழுங்குகிற சோதனை செய்துவிட்டீர்களா?" முதலில் நோயாளி விழிப்பாக, உட்கார முடிகிறவராக இருக்கிறாரா என்று பார்ப்பார்கள், பிறகு கரண்டி கரண்டியாகக் கொஞ்சம் தண்ணீர் கொடுத்து இருமல், குரல், மூச்சு மூன்றையும் கவனிப்பார்கள். சந்தேகம் இருந்தால் மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டோ, பேரியம் கலந்த உணவை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரே வீடியோ எடுத்தோ பார்ப்பதும் உண்டு. சத்தமில்லாத புரையை உறுதியாகக் கண்டுபிடிப்பது இந்த இரண்டும்தான். எல்லா ஊரிலும் இந்த வசதி கிடையாது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன, திருச்சியிலும் இருக்கிறது. அங்கே போனால் நரம்பியல் பிரிவோடு நிற்காமல் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஸ்பீச் தெரபிஸ்ட் பற்றிக் கேளுங்கள். 'எங்கப்பாவுக்குப் பேச்சு நல்லாத்தானே இருக்கு, ஸ்பீச் தெரபி எதுக்கு' என்று நானும் கேட்டவன்தான். பேச்சுக்கும் விழுங்குவதற்கும் நாக்கும் தொண்டையும் ஒன்றே, இரண்டையும் பார்ப்பவர் அவரே.

மூக்குக் குழாயோடு வீட்டுக்கு வந்திருந்தால்

எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒரு தடவை என்பதை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். ஊற்றும்போதும் ஊற்றிய பிறகு ஒரு மணி நேரமும் தலைப்பக்கம் உயர்ந்தே இருக்க வேண்டும், தட்டையாகப் படுக்கவைத்தால் வயிற்றில் இருப்பது மேலே வந்து அதுவே புரை ஏறிவிடும். மூக்கோரம் குழாயில் போட்டிருக்கும் அடையாளம் நகர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். நகர்ந்திருந்தாலோ, குழாய் வெளியே வந்துவிட்டாலோ நீங்களாக உள்ளே தள்ள வேண்டாம், செவிலியரிடம் போக வேண்டியதுதான். கஞ்சியோ பாலோ, துணியில் வடிகட்டி, சிரிஞ்சை உயர்த்திப் பிடித்துத் தானாக இறங்க விடுங்கள், பிஸ்டனால் அழுத்த வேண்டாம். முடிந்ததும் கொஞ்சம் சுத்தமான தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். ஒரு மாதம் தாண்டியும் குழாய் தேவைப்படுகிறது என்றால் வயிற்றில் நேரடியாக ஒரு குழாய் வைப்பதைப் பற்றி டாக்டரே பேச்சை எடுப்பார், அதைக் கேட்டு மனசு விட்டுவிடாதீர்கள், அதுவும் கழற்றக்கூடியதுதான்.

குழாய் இருப்பதால் வாயைச் சுத்தம் செய்ய வேண்டியதில்லை என்று நினைத்துவிடுவோம். நேர்மாறு. எச்சில் எப்படியும் கொஞ்சம் தப்பான வழியில் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். அந்த எச்சிலில் கிருமி எவ்வளவு குறைவோ நிமோனியாவுக்கான வாய்ப்பும் அவ்வளவு குறைவு. காலையிலும் ராத்திரியிலும் மெதுவான பிரஷ்ஷால் பல், ஈறு, நாக்கு எல்லாம் தேய்த்து, நுரையை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். கொப்பளிக்கச் சொல்லாதீர்கள், அந்தத் தண்ணீரே உள்ளே போகும். பல்செட் இருந்தால் ராத்திரி கழற்றிக் கழுவி வையுங்கள்.

வாய்வழியாகக் கொடுக்கலாம் என்று சொன்ன பிறகு: உட்காரவைப்பது

அப்பாவுக்கு ஊட்டுவதில் நாங்கள் அதிகம் தடுமாறியது உணவில் இல்லை, உட்காரவைப்பதில். எங்கள் வீட்டில் அவருக்குப் பிடித்த இடம் திண்ணையில் கிடக்கும் சாய்வு நாற்காலி. அதில் சாய்ந்து ஊட்டினால் உணவு தானாகச் சறுக்கித் தொண்டைக்குள் விழுந்துவிடும், தொண்டை தயாராவதற்குள். மரநாற்காலியில் இடுப்பு பின்னால் முட்ட, முதுகு நேராக, பாதம் தரையில் படும்படி உட்காரவைத்து, விழுந்த கைப்பக்கம் ஒரு தலையணை முட்டுக் கொடுங்கள்.

அப்புறம், அண்ணாந்து குடிப்பது. உதட்டில் படாமல் சொம்பைத் தூக்கி ஊற்றிக்கொள்வது நம் வீடுகளில் சின்ன வயதிலிருந்து பழக்கிய மரியாதை. பக்கவாதம் வந்தவருக்கு இதைவிட ஆபத்தான பழக்கம் இல்லை. முகவாய் மேலே போனால் மூச்சுக்குழாய் திறந்துகொடுக்கும், தண்ணீரும் மொத்தமாக விழும். அப்பா அறுபது வருடப் பழக்கத்தில் டம்ளரைக் கையில் வாங்கியதும் தலையைத் தூக்குவார், நாங்கள் எச்சில் பட்டாலும் பரவாயில்லை என்று அவருக்கென்று ஒரு டம்ளர் ஒதுக்கிவைத்தோம்.

ஊட்டுகிறவரும் உட்கார வேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் உங்களை நிமிர்ந்து பார்ப்பார், முகவாய் தூக்கும். எதிரில், அவர் கண்மட்டத்திற்கு உட்கார்ந்து, வாய்க்குக் கொஞ்சம் கீழிருந்து கரண்டியைக் கொண்டுபோங்கள்.

முகவாயை நெஞ்சோடு தாழ்த்தி விழுங்குவது, விழுந்த பக்கம் தலையைத் திருப்பி விழுங்குவது என்று சில உபாயங்கள் உண்டு. அப்பாவுக்கு முகவாய் தாழ்த்துவது உதவியது. ஆனால் எல்லோருக்கும் ஒன்றே பொருந்தாது, சிலருக்கு அதுவே கெடுதலாகிவிடும், சோதித்தவர் சொன்னால் மட்டும் செய்யுங்கள். வீடியோவில் பார்த்துத் தொண்டைப் பயிற்சிகள் ஆரம்பிப்பதற்கும் இதே பதில்தான்.

பதம்

தண்ணீர்தான் எளிது, சோறுதான் கஷ்டம் என்று எல்லோரும் நினைப்போம். பக்கவாதம் வந்தவர்கள் பலருக்கு இது தலைகீழ். தண்ணீர், காபி, மோர், ரசம், இளநீர் எல்லாம் வேகமாக ஓடும், தொண்டை மூடுவதற்குள் இறங்கிவிடும். கெட்டியாக்கினால் மெதுவாகப் போகும், தொண்டைக்கு அவகாசம் கிடைக்கும்.

எவ்வளவு கெட்டி என்பதைச் சோதித்தவர்தான் சொல்ல வேண்டும். இப்போது உலகம் முழுக்க 0 முதல் 7 வரை எண் போட்ட ஓர் அளவுமுறையைப் பயன்படுத்துகிறார்கள், ஐ.டி.டி.எஸ்.ஐ. என்று சீட்டில் எழுதியிருப்பார்கள். 0 வெறும் தண்ணீர், 7 சாதாரணச் சாப்பாடு. 'கொஞ்சம் கெட்டியா கொடுங்க' என்றால் அம்மாவின் கெட்டி வேறு, என் மனைவியின் கெட்டி வேறு. அதனால் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வீட்டிலேயே அளக்கலாம்: ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச், 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை 61.5 மில்லிமீட்டர் நீளம் இருப்பதாகப் பார்த்து வாங்கி, பிஸ்டனை எடுத்துவிட்டு, முனையை விரலால் அடைத்து 10 மில்லி நிரப்புங்கள். விரலை எடுத்து சரியாகப் பத்து நொடி ஓடவிட்டு மறுபடி அடையுங்கள். உள்ளே 1 முதல் 4 மில்லி மிஞ்சினால் நிலை 1, 4 முதல் 8 என்றால் நிலை 2, 8-க்கு மேல் என்றால் நிலை 3. சொட்டவே இல்லை என்றால் அது நிலை 4, கரண்டியால் ஊட்டும் மசியல். அந்த மசியலையும் சோதிக்கலாம்: கரண்டியில் குவியலாக நிற்க வேண்டும், கரண்டியைச் சாய்த்தால் ஒட்டாமல் மொத்தமாக வழுக்கி விழ வேண்டும். ஒட்டிக்கொண்டு நின்றால் தொண்டையிலும் ஒட்டும்.

கெட்டியாக்க மருந்துக்கடையில் பொடி கிடைக்கும். வீட்டில் கேழ்வரகுக் கூழ், அரிசிமாவுக் கஞ்சி செய்யலாம்தான், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மாவுச்சத்தை எச்சில் கரைக்கும். வாயில் வைத்த கரண்டியை மறுபடி மறுபடி அதே கிண்ணத்தில் விட்டால் பாதிச் சாப்பாட்டுக்குள் கிண்ணத்தில் இருப்பதே நீர்த்துப்போகும், ஆரம்பத்தில் சரியாக இருந்த பதம் கடைசி நாலு கரண்டியில் தண்ணீராக இருக்கும். எங்களுக்கு இது பிடிபடவே பத்து நாள் ஆனது. சின்னச் சின்னக் கிண்ணமாக எடுத்துக்கொள்ளுங்கள். சாந்தன் கம் சேர்ந்த பொடிகளில் இந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, கஞ்சி சூட்டில் ஒரு பதம், ஆறினால் ஒரு பதம், கொடுக்கும் சூட்டில் வைத்தே அளந்து பாருங்கள்.

நம் சமையலில் மாட்டிக்கொள்வது இரண்டு பதம் கலந்த உணவுகளில். ரசஞ்சாதம், பழைய சோறும் நீராகாரமும், பருக்கை மிதக்கும் கஞ்சி, சாம்பாரில் மிதக்கும் இட்லி. வாய் பருக்கையை மென்றுகொண்டிருக்கும்போதே தண்ணீர் முந்தி ஓடிவிடும். இதையெல்லாம் மிக்சியில் ஒன்றாக அடித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. பச்சரிசியைக் குழைய வேகவைத்து, பருப்பும் நெய்யும் சேர்த்து அடித்து, வடிகட்டினால் அப்பா நன்றாகச் சாப்பிட்டார். கெட்டித் தயிர் விட்டு அடித்த சாதமும் அப்படியே. தாளித்த கடுகு, கறிவேப்பிலை, மிளகாய்த் தோல் ஒன்றுகூட இருக்கக் கூடாது, தாளிப்பின் வாசனை வேண்டுமென்றால் எண்ணெயை வடிகட்டி ஊற்றுங்கள். சர்க்கரைப் பொங்கல், களி இரண்டும் ஒட்டும். புட்டு, அவல், காய்ந்த இட்லி உதிரும். கீரைத் தண்டு, வெண்டைக்காய் நார், மீன் முள் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஐஸ்கிரீம் கெட்டி என்று நினைக்காதீர்கள், வாய்க்குள் போனதும் அது தண்ணீர்தான். கும்பகோணம் பக்கத்து ஆட்களுக்கு வெற்றிலையை விடச் சொல்வது பெரிய பாடு, ஆனால் சீவல் தூளும் ஊறும் எச்சிலும் சேர்ந்து புரை ஏறுவதற்கு அதைவிட வசதியான பொருள் கிடையாது, அதை அப்பாவின் கண்ணில் படாமல்தான் வைத்திருந்தோம்.

ஊட்டும் நேரம்

தூக்கக் கலக்கத்தில் இருந்தால் ஊட்டாதீர்கள், ஒரு வேளைச் சாப்பாடு தள்ளிப்போனாலும் பரவாயில்லை. டிவியை அணைத்துவிடுங்கள், வந்தவர்களை விழுங்கும் நேரத்தில் அவரிடம் கேள்வி கேட்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பதில் சொல்ல வாய் திறந்தால் மூச்சுக்குழாயும் திறக்கும்.

சின்ன டீஸ்பூனில் பாதி. நல்ல பக்கக் கன்னத்தோரம் வையுங்கள். தொண்டையில் குரல்வளை மேலேறி இறங்குவதைக் கண்ணால் பாருங்கள், அது தெரிந்த பிறகுதான் அடுத்த கரண்டி. நாலைந்து கரண்டிக்கு ஒரு தடவை "ஆ" என்று சொல்லச் சொல்லுங்கள். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் களகளவென்று இருந்தால் குரல்நாண் மேல் ஏதோ நிற்கிறது என்று அர்த்தம், இருமி, இன்னொரு முறை வெறுமனே விழுங்கச் சொல்லுங்கள். குரல் தெளியவில்லை என்றால் அந்த வேளையை அதோடு நிறுத்திவிடுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்கக் கூடாது, தசைகள் களைத்துவிடும். வயிறு நிறையவில்லையே என்று தோன்றினால் ஆறு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் விழுந்த பக்கக் கன்னத்துக்குள் பாருங்கள், அங்கே ஒரு உருண்டை ஒதுங்கிக் கிடக்கும், அவருக்குத் தெரியவே தெரியாது. அதைத் துடைத்து எடுத்துவிட்டு இன்னும் அரை மணி நேரமாவது நேராக உட்காரவைத்திருங்கள்.

மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.எல். என்று இருப்பவை மெல்லக் கரைய வேண்டியவை, பொடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கும். வயிற்றுப் புண்ணுக்குத் தரும் பான்டோபிரசோல் போன்றவற்றின் மேல்பூச்சையும் உடைக்கக் கூடாது. மாற்று மருந்து எழுதித் தருவார்கள்.

புரை ஏறிவிட்டால், இருமுகிறாரென்றால் முன்னால் குனியவைத்து இருமவிடுங்கள், தலையில் தட்டுவதும் தண்ணீர் கொடுப்பதும் வேண்டாம். சத்தமும் வரவில்லை, மூச்சும் விட முடியவில்லை என்றால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஐந்து முறை ஓங்கித் தட்டி, பின்னாலிருந்து தொப்புளுக்கு மேலே கை கோத்து உள்ளேயும் மேலேயுமாக ஐந்து முறை அழுத்தி, மாறி மாறிச் செய்துகொண்டே இருங்கள், வேறொருவர் 108-ஐக் கூப்பிடட்டும்.

கெட்டியாக்கிய தண்ணீரை யாரும் ஆசையாகக் குடிக்க மாட்டார்கள். சித்திரை வெயிலில் அப்பா இரண்டே நாளில் வாடிப்போனார், சிறுநீர் மஞ்சளாக, கொஞ்சமாகப் போனது. ஒரு நாளைக்கு எத்தனை மில்லி என்று டாக்டரிடம் கேட்டு வாங்கி, கொடுத்ததையெல்லாம் நோட்டில் குறியுங்கள், அதே நோட்டில் வாரம் ஒருமுறை எடையும், தினமும் சாயங்காலம் காய்ச்சலும். சாப்பாட்டுக்குப் பிறகு சளி கூடுகிறது, மூச்சு வேகமாகிறது, லேசான காய்ச்சல், வழக்கத்தைவிட மந்தமாக இருக்கிறார் என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் படுக்கையில் இருப்பவர்களுக்கான செவிலியர் கவனிப்பும் வீட்டுக்கே வரும், உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். வருகிறவரிடம் அந்த நோட்டைக் காட்டினால் நீங்கள் மறந்ததையும் அவர் பிடித்துவிடுவார்.

அடுத்த நிலைக்குப் போவது

நன்றாகச் சாப்பிடுகிறாரே என்று நீங்களாகப் பதத்தைத் தளர்த்தாதீர்கள். மறு சோதனைக்குக் கூட்டிப்போய், எண்ணை மாற்றி எழுதி வாங்கிய பிறகு மாற்றுங்கள், அந்த எண்ணை அடுப்படிச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள். எங்கள் வீட்டில் அதைத் தன் கையால் எழுதி ஒட்டியது அத்தைதான், பிறகு வருகிறவர்களை எல்லாம் வாசலிலேயே நிறுத்தி அவரே விளக்கம் சொல்வார்.

அப்பாவுக்கு ஐந்தாம் மாதம் சாதாரணக் காபிக்கு அனுமதி கிடைத்தது, ஒவ்வொரு வாயாக, முகவாயைத் தாழ்த்தி என்ற நிபந்தனையோடு. டம்ளரில் கொடுத்தால் பாதி குடித்ததும் மிச்சத்துக்காகத் தலை தானாக அண்ணாந்துவிடும், ஸ்ட்ராவில் உறிஞ்சினால் ஒரே இழுப்பில் நிறைய வந்துவிடும். ஸ்பீச் தெரபிஸ்ட் அகலமான வாய் உள்ள பாத்திரமாகப் பாருங்கள் என்றார். அத்தை உள்ளே போய்ப் பித்தளை டபராவை எடுத்து வந்தார். குனிந்தபடியே கடைசிச் சொட்டுவரை குடிக்கலாம். இப்போதும் அப்பா அதில்தான் குடிக்கிறார்.